ஒரு நீளக் கூவல், இரண்டு குட்டைக் கூவல்

ரிம்மா முதன்முதலாக டிக்கெட் இயந்திரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ரயில் பெட்டிக்குள் நடந்தபோது, முதல் இருக்கையில் இருந்தவர் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். அடுத்தவர் அவள் கல்யாணத்துக்கு அக்கார்டியன் வாசித்தவர். ஜன்னலோரத்தில் இருந்தவள் தைசியா. ரிம்மாவின் புருஷன் மரம் வெட்டும் இடத்தில் அடிபட்டுச் செத்தபோது, நாள் தவறாமல் சூப் வைத்துக் கொண்டுவந்து, அவள் குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தவள். தைசியா முன்னால் போய் நின்று, விதிப்படி கேட்க வேண்டியதை ரிம்மா கேட்டாள்.

"எங்க போகணும்? போக மட்டுமா, வரவும் சேர்த்தா?"

தைசியா சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"அடி இவளே! நான் எங்க போறேன்னு உனக்குத் தெரியாதாக்கும். பல்லு புடுங்கப் போறேன். வரவும் சேர்த்துத்தான். பல்லுக்கு மட்டும் போக மட்டும் போட்டுக்க."

ரிம்மாவின் முகம் காதுவரை சிவந்துபோயிற்று. இயந்திரத்தைக் கோட்டுக்குள் தள்ளிவிட்டு நகர்ந்தாள். தைசியா அவள் பையில் சூடாக ஒரு மீன் ரொட்டியைச் செருகினாள். எல்லாம் அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

உள்காட்டிலிருந்து லூக்தா வழியாக ஓஷ்மா நகரம்வரை போகிற அந்த இருப்புப்பாதையை மரத்துக்காகப் போட்டார்கள், மனிதர்களுக்காக அல்ல. மர ஆலை ஓடிய காலத்தில் எட்டுப் பெட்டி வண்டி, உள்ளே நிற்க இடம் இருக்காது. ஆலை மூடியது. இளசுகள் தெற்கே போனார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு மிச்சமாக ஒரே ஒரு டீசல் பெட்டியை விட்டுவைத்தார்கள். அது காலை இருட்டில் லூக்தாவிலிருந்து கிளம்பி, மாலை இருட்டில் திரும்பி வரும். குளிர்காலத்தில் அந்தப் பக்கம் பகல் என்பது, யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொள்வது மாதிரி.

வேறு சாலை கிடையாது. ஆறு நன்றாக இறுகிய பிறகு ஜனவரியில், பிப்ரவரியில் அதன் மேல் லாரி போகும். மார்ச் கடைசியில் அந்தச் சாலை தண்ணீராகப் போய்விடும். நடுவழி நிறுத்தங்களுக்குப் பெயர்கூட இல்லை, கிலோமீட்டர் எண்தான். ஏறி நிற்க நான்கு பலகை, எண் எழுதிய ஒரு தகரத் தட்டு, சுற்றிலும் பனி சுமந்த ஊசியிலை மரங்கள். மரங்களுக்குப் பின்னால் எங்கேயோ ஆறேழு வீட்டுப் புகை.

இந்த நிறுத்தங்களில் டிக்கெட் கொடுக்க ஆள் இல்லை. பெட்டிக்குள்தான் வாங்க வேண்டும். வேட்டைக்கும் மீன்பிடிக்கவும் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ரிம்மா டிக்கெட் கிழித்தாள். நம்மவர்களுக்குக் கிழிக்கவில்லை. நம்மவர்களிடம் காசு வாங்குவது, வீட்டுக்கு வந்தவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டுக் காசு கேட்பது போல அவளுக்குப் பட்டது. அவர்களும் வெறுங்கையோடு ஏறவில்லை. உப்பில் ஊறிய காளான், புளித்த முட்டைக்கோஸ், சதுப்பு நிலத்து மஞ்சள் பழம் என்று, பெட்டிக்குள் தேநீருக்குத் தண்ணீர் காயும் கொதிகலன் பக்கத்துப் பலகையில் ஏதாவது வந்து உட்காரும். யார் வேண்டுமானாலும் எடுத்துச் சாப்பிடலாம். அதிகம் சாப்பிட்டவர் வண்டி ஓட்டுகிற அர்காதி.

"என் வண்டியில எஞ்சினைவிட என் வயிறுதான் அதிகமா இழுக்குது" என்பார் அவர்.

பயம் ஒன்றே ஒன்றுதான், டிக்கெட் பரிசோதகர்கள். வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ வருவார்கள். டிக்கெட் இல்லாத ஆள் ஒருத்தர் அகப்பட்டாலும் ரிம்மாவின் வேலை போய்விடும். காசு எடுத்துவரும் பழக்கமோ யாருக்கும் விட்டுப்போயிருந்தது. அதற்கு அர்காதி ஒரு வழி கண்டுபிடித்தார். பரிசோதகர் ஏறியிருந்தால், நிறுத்தம் வருவதற்கு முன்பே வண்டியின் ஊதலில் ஒரு நீளக் கூவல், இரண்டு குட்டைக் கூவல். கேட்டதும் பலகை மேல் நிற்பவர்கள் இறங்கி மரங்களுக்குப் பின்னால் போய்விடுவார்கள். வண்டி நிற்கும். யாரும் ஏற மாட்டார்கள். வண்டி போகும். பிள்ளைகளுக்குக்கூட அந்தக் கூவல் தெரியும். விளையாட்டில் ஒளிந்துகொள்ள அதையே வாயால் கூவுவார்கள்.

எண்பத்து நான்காம் கிலோமீட்டரில் ஏறுகிறவர் யெஃபிம் சவேலிச். காட்டுக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது, மகள் தெற்கே கடலோர நகரத்தில். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போன பிறகு, வாரத்தில் மூன்று நாள் ஓஷ்மா மருத்துவமனைக்கு டயாலிசிஸுக்காகப் போய்வந்தார். காலையில் வீங்கிய முகத்தோடு ஏறுவார். மாலையில் முகம் வடிந்து, வேறு யாரோ மாதிரித் திரும்புவார்.

உப்புப் பண்டம் எதையும் அவர் தொடக் கூடாது. அதனால் பலகையில் வைக்க அவர் கொண்டுவந்தது பிர்ச் மரப்பட்டைக் கட்டு ஒன்று, கொதிகலனைப் பற்றவைக்க. தண்ணீரும் அளந்துதான் குடிக்க வேண்டும். தேநீர் அரைத் தம்ளர்தான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எல்லாரும் முழுத் தம்ளர் குடிக்கும்போது அவர் கையில் மட்டும் பாதி காலியாக இருப்பதை ரிம்மா கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓஷ்மா சந்தையில் சின்னதாக ஒரு தம்ளர் வாங்கினாள். அதில் ஊற்றினால் விளிம்புவரை நிறையும். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

திரும்பி வரும்போது அவர் தூங்கிவிடுவார். அவள் தன் சால்வையை அவர் முழங்காலில் போடுவாள். எண்பத்து நான்கு வருவதற்கு முன்னால் எடுத்துக்கொள்வாள்.

"கோடைக்காலத்துல கூடவா சால்வை?" என்று அர்காதி ஒருநாள் கேட்டார். "மனுஷன் வெந்துடப் போறார்."

"நீங்க முன்னாடி பார்த்து ஓட்டுங்க."

"முன்னாடி என்ன இருக்கு? மரம்தான். வேடிக்கை எல்லாம் பின்னாடிதானே இருக்கு."

ஒரு தடவை, முதல் வருஷத்தில், யெஃபிம் சவேலிச் காசை எடுத்து நீட்டினார். ரிம்மா அவர் கையை மூடிவிட்டாள். "நம்ம வண்டிங்க இது" என்றாள். அதற்குப் பிறகு அவர் காசு கொண்டுவருவதையே விட்டுவிட்டார். மருத்துவமனையில் செலவு இல்லை. வழியில் செலவு இல்லை. கோட்டுப் பையில் கைக்குட்டையும் வீட்டுச் சாவியும் மட்டும்.

அந்தப் பிப்ரவரியில் உறைந்த ஆற்றின் மேல் ஒரு கார் லூக்தாவுக்கு வந்தது. நல்ல கோட்டுப் போட்ட ஒரு மனிதரும், கண்ணாடி போட்ட ஓர் இளம்பெண்ணும் இறங்கினார்கள். கையில் அட்டைப் பலகையும் பேனாவும். காலை வண்டி எத்தனை மணிக்கு என்று கடையில் விசாரித்தார்கள். அவ்வளவு போதாதா? பொழுது சாய்வதற்குள் லூக்தா முழுக்கத் தெரிந்துவிட்டது, பரிசோதகர்கள் வந்திருக்கிறார்கள். நாளைக்கு யாரும் கிளம்ப வேண்டாம்.

மறுநாள் காலை வண்டியில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் ஏறினார்கள். ரிம்மா இயந்திரத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

"டிக்கெட்..."

"நாங்க அலுவலக வேலையா வந்திருக்கோம்" என்று அந்த மனிதர் ஒரு காகிதத்தைக் காட்டி மடித்துக்கொண்டார். "எங்க வேலையை நாங்க பார்க்கறோம். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

அவள் எஞ்சின் பக்கம் போய் அர்காதியின் காதருகே சொன்னாள். "ரெண்டு பேர். ஊதுங்க."

ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்னால் அர்காதி ஊதினார், ஒரு நீளம், இரண்டு குட்டை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி நின்றது. பெட்டி விளக்கின் வெளிச்சம் காலியான பலகைகள் மேல் விழுந்தது. பனியில் புதிய காலடிகள் வந்து, நின்று, திரும்பி மரங்களுக்குள் போயிருந்தன. கண்ணாடி போட்ட பெண் ஜன்னலில் மூக்கை ஒட்டி வெளியே பார்ப்பாள். பிறகு அட்டையில் எதையோ எழுதுவாள்.

எண்பத்து நான்கு வந்தபோது ரிம்மா கதவைத் திறந்துகொண்டு படியில் நின்றாள். அன்று அவருக்கு மருத்துவமனை நாள். அவர் ஏறியே ஆக வேண்டும். ஏறட்டும், நான் சொந்தக் காசில் ஒரு டிக்கெட் கிழித்து அவர் கையில் திணித்துவிடுகிறேன் என்று முன்பே தீர்மானித்து வைத்திருந்தாள். நிறுத்தத்துப் பலகையில் பிர்ச் பட்டைக் கட்டு கிடந்தது. அதற்கு அப்பால், ஒரு மரத்தின் பின்னால், காது மூடிய ரோமத் தொப்பி தெரிந்தது. வீங்கிய பாதி முகமும்.

அவள் கையால் வாருங்கள் என்று காட்டினாள். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார், கோட்டுப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். பை காலி. பிறகு முகத்தை மரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

குரல் கொடுத்தால் உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கும். அவள் குரல் கொடுக்கவில்லை. வண்டி நகர்ந்தது.

ஓஷ்மா நெருங்கும்போது அந்தப் பெண் கொதிகலன் பக்கம் வந்து கையைச் சூடேற்றிக்கொண்டாள். நல்ல பெண்தான். கன்னம் குளிரில் வெடித்திருந்தது.

"தினமும் இப்படித்தான் காலியா வருமாக்கா?"

"இன்னிக்கு... இன்னிக்குக் குளிர் அதிகம்."

"நான் முப்பது பேராவது வருவாங்கன்னு நினைச்சேன். அவர்கிட்ட பந்தயமே கட்டினேன். இத்தனை நிறுத்தம் இருக்கறதைப் பார்த்தா ஜனம் இருக்கற மாதிரித்தானே இருந்துச்சு? இப்ப என்ன எழுதறதுன்னே தெரியல."

"நீங்க டிக்கெட் பரிசோதகருங்கதானே?"

"ஐயோ, டிக்கெட்டைப் பார்த்து நாங்க என்ன செய்ய? இந்த வண்டி ஓடறதுல பிரயோஜனம் இருக்கான்னு முடிவு பண்ணணும். எத்தனை பேர் ஏறறாங்கன்னு எண்ணத்தான் வந்தோம்."

ரிம்மா கொதிகலன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அது சுட்டது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

"அம்மாடி, ஆளுங்க இருக்காங்க. எல்லாரும் மரத்துக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தாங்க. நான்தான் ஏறவிடல. நீ ஜன்னல் வழியா காலடி பார்க்கலியா?"

அந்தப் பெண் அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். பின்னால் இருந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். "அக்கா, வேலை போகுதேன்னா வருத்தமாத்தான் இருக்கும். அதுக்காகக் காட்டுக்குள்ள ஜனங்களை ஒளிச்சு வைக்காதீங்க."

சாயங்காலம் அதே இருவரும் திரும்பி ஏறினார்கள். காலையில் போகாதவர்கள் மாலையில் எப்படித் திரும்புவார்கள்? ரிம்மா ஓஷ்மா நிலையத்தில் பெருக்குகிறவளையும் பூ விற்கிறவளையும் கெஞ்சிப் பார்த்தாள், சும்மா ஒரு தரம் லூக்தாவரை வந்துவிட்டுப் போங்களேன் என்று. "இந்தக் குளிர்ல பைத்தியமா எனக்கு?" என்றாள் பூக்காரி.

எண்பத்து நான்காம் கிலோமீட்டரில் பலகை மேல் பட்டைக் கட்டு இன்னும் கிடந்தது. அடுத்த மருத்துவமனை நாள்வரை, இரண்டு நாளும் யெஃபிம் சவேலிச் மல்லாந்து படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

"ஏன் ஏறலை நீங்க?" என்று அடுத்த தடவை அவர் ஏறியதும் சண்டை போட்டாள். "செத்துத் தொலையணுமா?"

"கூவல் கேட்டுச்சு. டிக்கெட்டுக்குக் காசு இல்ல" என்றார் அவர். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "உங்க வேலை போயிருமே, ரிம்மா."

உத்தரவு மார்ச்சில் வந்தது. மாதக் கடைசியோடு வண்டி நிற்கும்.

ரிம்மா மாகாணத் தலைநகருக்குப் போனாள். அலுவலகத்தில் ஜலதோஷம் பிடித்த ஓர் அதிகாரி இருந்தார். மேசை மேல் எலுமிச்சைத் துண்டு போட்ட தேநீர். நல்ல மனிதராகவே தெரிந்தார், அதுதான் கஷ்டம்.

"பஸ் விடப்போறோம்மா. கவலைப்படாதீங்க."

"எந்த ரோட்டுலங்க?"

"ரோடு இருக்குன்னு அறிக்கையில இருக்கே. எங்க ஆளுங்களே கார்லதானே வந்தாங்க."

"அது ஆறுங்க ஐயா."

அவர் காகிதத்தைப் புரட்டினார். மூக்கைச் சிந்தினார். ரிம்மா எல்லாவற்றையும் சொன்னாள். டிக்கெட் கிழிக்காதது, கூவல், மரத்துக்குப் பின்னால் நின்றவர்கள், மீன் ரொட்டி.

"அப்ப இத்தனை வருஷமா சர்க்கார் காசைத் திருடியிருக்கீங்க."

"ஆமாங்க. அப்படியே எழுதிக்கங்க. என்னை அனுப்பிடுங்க. வண்டியை நிறுத்தாதீங்க."

"எழுதினா உங்களுக்கு வேலை போகும், வண்டி வராது." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணு சொல்றேன். நீங்க எல்லாருக்கும் டிக்கெட் போட்டிருந்தாலும் டீசல் செலவுல பாதிகூட வராது. அவ்வளவு தூரம், அவ்வளவு குளிர், அவ்வளவு கொஞ்சம் ஜனம். கணக்குன்னு பார்த்தா அந்த வண்டி எப்பவோ நின்னிருக்கணும்."

"கணக்குல வராதவங்களும் ஆஸ்பத்திரிக்குப் போகணுமேங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"முப்பது பேர்னு இருந்திருந்தா, நான் மேலே போய்ச் சண்டை போட்டிருப்பேன்ம்மா. சத்தியமா போட்டிருப்பேன். பூஜ்யத்தைக் கையில வெச்சுக்கிட்டு எப்படிச் சண்டை போடறது?"

கடைசி நாள் காலையில் பெட்டி நிறைந்திருந்தது. போக வேண்டிய வேலை இருந்தவர்களும் இல்லாதவர்களும் ஏறினார்கள். எல்லார் கையிலும் காசு. யாரும் சொல்லிவைத்துக்கொள்ளவில்லை. தைசியாதான் முதலில் நீட்டினாள்.

"போடுடி டிக்கெட்."

"வேணாம், தைசியா."

"போடுன்னா. வரவும் சேர்த்துப் போடு. என் வாழ்நாள்ல உன்கிட்ட ஒரு டிக்கெட்டாவது வாங்கியிருக்கணும்ல."

இயந்திரம் கறகறவென்று காகிதத்தைத் துப்பிக்கொண்டே இருந்தது. ஒவ்வொருவரும் வாங்கிய சீட்டை மடித்துப் பத்திரமாக உள்பையில் வைத்தார்கள், யாராவது பின்னாலேயே வந்து பரிசோதிக்கப்போவது போல. பலகையில் மீன் ரொட்டியும் காளானும் வந்து நிறைந்தன. அர்காதி அன்று ஒன்றும் சாப்பிடவில்லை. எந்த நிறுத்தத்திலும் ஊதவுமில்லை.

எண்பத்து நான்கில் யெஃபிம் சவேலிச் ஒரு பழைய பெட்டியோடு நின்றார். மகள் வரச் சொல்லிவிட்டாள். அந்த ஊரில் மருத்துவமனை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறதாம், அங்கே குளிர்காலமே கிடையாதாம். பட்டைக் கட்டை வழக்கம்போல் கொதிகலன் பக்கத்தில் வைத்தார். தன் இடத்தில் உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்திருந்த காசை நீட்டினார்.

ரிம்மா முன்பு போல அந்தக் கையை மூடியிருக்கலாம். மூடவில்லை. பெட்டியில் எல்லாரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க போகணும்?"

"ஓஷ்மா."

அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அமுக்குவது? இயந்திரத்தைக் கையில் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

"போக மட்டுமா... வரவும் சேர்த்தா?"

அவர் வெளியே பார்த்தார். மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பனியின் மேல் அப்போதுதான் கொஞ்சம் வெளிச்சம் பட ஆரம்பித்திருந்தது.

"போக மட்டும்" என்றார்.

அவள் அமுக்கினாள். சீட்டு வந்தது. அவர் அதைக் கண்ணருகே வைத்து, அதில் ஏதோ நிறைய எழுதியிருப்பது போல வெகுநேரம் பார்த்தார். அவள் சின்னத் தம்ளரில் விளிம்புவரை தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். ஓஷ்மாவரை அவர் அதைக் குடித்துத் தீர்க்கவில்லை.

ஆகஸ்டில் மகள் போன் செய்தாள். அப்பா போன வாரம் போய்விட்டார் என்றாள். அவருடைய போனில் இருந்த எண்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். "நீங்க அப்பாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"ரயில்ல டிக்கெட் கொடுக்கறவ" என்றாள் ரிம்மா.

இப்போது அந்தப் பாதையில் எப்போதாவது உள்காட்டிலிருந்து மரம் ஏற்றிய சரக்கு வண்டி போகிறது. ஓட்டுவது அர்காதிதான். லூக்தாவில் நிற்பதில்லை, மெதுவாகக் கடந்துபோகும். சத்தம் கேட்டால் ரிம்மா சமையலைப் போட்டுவிட்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு நடைமேடைப் பலகை மேல் வந்து நிற்பாள். அர்காதி அவளைத் தூரத்திலேயே பார்த்துவிடுவார். கையசைத்தால் பனி மூட்டத்தில் தெரியாது, அதனால் ஊதுவார். வேறு எதுவும் ஊதத் தெரியாதவர் போல, பழைய கூவலையே ஊதுவார், ஒரு நீளம், இரண்டு குட்டை.

கேட்டதும் ரிம்மாவின் கால்கள் தாமாகவே பின்னால் நகரும். பலகையை விட்டு இறங்கி, பக்கத்து மரத்தின் பின்னால் போய் நின்றுகொள்வாள். வண்டி முழுக்கக் கடந்து, சத்தம் காட்டுக்குள் அடங்கும்வரை அங்கேயே நிற்பாள்.